ஞாயிறு ஆட்டம்: எல்லோரும் படிக்கவும்

அண்ணன்மார், தம்பிகள் எல்லோருக்கும் வணக்கம். நேற்று காட்பாடிப் பக்கம் நடந்த 20 ஓவர் ஆட்டத்தில் 71 ரன் வித்தியாசத்தில் தோற்றோம். வர முடியாதவர்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

எதிரணியினர் லீக் ஆடும் பையன்கள். நாம் பாலாற்று மணலில் டென்னிஸ் பந்தோடு வளர்ந்தவர்கள். சாதாரண டென்னிஸ் பந்து 60 கிராம்கூட வராது. தோல் பந்து 156 கிராமுக்கு மேல். அதுவும் மேட் விரித்த பிட்சில் பந்து நன்றாக எழும்பும். முன்காலைப் போட்டுத் தூக்கி அடிக்கும் நம் பழக்கம் அங்கே எடுபடவில்லை. 5 ஓவருக்குள் 4 விக்கெட் போனதற்கு அதுதான் காரணம், பயம் அல்ல.

அப்புறம் நம் கீப்பர் தம்பி. விரல் வீங்கிய பிறகும் கையுறையைக் கழற்றவில்லை. பேட்டிங்கிலும் அவன்தான் கடைசி ஜோடியில் 6 ஓவர் நின்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆட்டம் முடிந்ததும் எதிரணி கேப்டன் அரை மணி நேரம் இருந்து, பின்காலில் போய்ப் பந்தைக் கண்ணுக்குக் கீழே விட்டு ஆடுவதை நம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பெரிய மனசு.

சரி, இனி வாரம் இரண்டு நாள் தோல் பந்தில்தான் பயிற்சி. வேலூர் வெயில் தெரியுமே, காலை 6 மணிக்கே வந்துவிடுங்கள். ஹெல்மெட், அடிபடாமல் உள்ளே போடும் கார்டு (guard) இல்லாமல் யாரையும் பேட்டிங் செய்ய விடமாட்டேன். பழைய பேடு வீட்டில் இருந்தால் கொண்டுவாருங்கள்.

கீப்பர் தம்பியை இன்று எக்ஸ்ரே எடுக்க யாராவது கூட்டிப்போங்கள், எனக்கு மதிய ஷிஃப்ட்.