தொலைக்காட்சிப் பெட்டியும் ட்ரைவோல் சுவரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொக்சிங் தின மலிவு விற்பனையில் வாங்கிய பெரிய தொலைக்காட்சிப் பெட்டிகள் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜக்ஸிலும் உள்ள நம்மவர் வீட்டுச் சுவர்களில் ஏறுகின்ற காலம் இது. ஒன்ராறியோவில் 22 ஆண்டுகள் வீடு கட்டும் தளங்களில் மரச்சட்டம் அடிப்பதும் ட்ரைவோல் என்ற சுவர்ப்பலகை பொருத்துவதுமாக வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். அண்மையில் என் தங்கையின் மகன் வீட்டில் கண்ட ஒன்று, இது பற்றித் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சில விடயங்களைச் சொல்ல வேண்டும் என்று என்னைத் தூண்டியது.

அவர்கள் வீட்டு நிலவறையில் 65 அங்குலப் பெட்டி ஒன்று, முன்னால் இழுத்து இருபுறமும் திருப்பக்கூடிய கைத்தாங்கியில் மாட்டப்பட்டிருந்தது. அதன் கீழே இருந்த சிறு மேசையில் கோதுமை மா சிந்தியதுபோல வெள்ளைத் தூள் படிந்திருந்தது. வாரந்தோறும் துடைப்பதாகவும், மறுவாரம் மீண்டும் படிந்துவிடுவதாகவும், காற்றோட்டக் குழாயிலிருந்து வரும் தூசு என்றே எண்ணியிருந்ததாகவும் தங்கை சொன்னாள். நான் பெட்டியைச் சற்று முன்னுக்கு இழுத்துப் பின்பக்கம் கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். தாங்கியின் இரும்புத் தகட்டை இறுக்கிய நான்கு திருகாணிகளில் வலது மேற்புறத்துத் திருகாணியைச் சுற்றி ட்ரைவோலின் கடதாசி கிழிந்து, ஓட்டை நீள்வட்டமாக அகன்று கிடந்தது. பெட்டியை இருவராகக் கழற்றி இறக்கிய பின், அந்தத் திருகாணியை இரண்டு விரல்களால் இழுத்தேன். பிளாஸ்டிக் பிளக்கோடு சேர்ந்து கையோடு வந்துவிட்டது. அந்தப் பெட்டிக்கு நேர் கீழேதான் அவனுடைய மூன்று வயது மகள் விளையாட்டுச் சாமான்களைப் பரப்பி வைத்துக்கொண்டு இருப்பது வழக்கம்.

மாட்டிக் கொடுத்தவர் காசுக்கு வந்து செய்துவிட்டுப் போன ஒருவர். அவரை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை, ஏனெனில் இதே பிழையை நம்மவர்கள் தாமாகவே செய்வதையும் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். ஊரிலே நாம் பழகியது சீமெந்துக் கல்லால் கட்டிய சுவர். அதில் ஓட்டை போட்டு, ரோல் பிளக்கை அடித்து, திருகாணியை முடுக்கினால் சுவரே அதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். எந்த இடத்தில் துளைத்தாலும் சுவர் சுவர்தான். இங்கே சுவர் என்று நாம் காண்பது, இரு புறமும் கடதாசி ஒட்டிய, பெரும்பாலும் அரை அங்குலமே தடிப்புள்ள ஜிப்சம் பலகை. அது மறைப்பேயன்றித் தாங்கல் அன்று. அதன் பின்னால் நிமிர்ந்து நிற்கின்ற, தொழிலிலே ஸ்டட் என்று சொல்லப்படும் மரச்சட்டங்களே வீட்டைத் தாங்குகின்றன. பெட்டியையும் அவையே தாங்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த பிளக் பழக்கத்தை இந்தப் பலகையில் காட்டினால், பலகையின் ஜிப்சம் மெல்ல மெல்ல நொறுங்கித் தூளாகக் கொட்டும். தங்கை வாரந்தோறும் துடைத்தது அந்தத் தூளைத்தான்.

இனி, மாட்டப்படும் தாங்கியின் வகை எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஏறத்தாழ 50 இறாத்தல் எடையுள்ள பெட்டியொன்று சுவரோடு ஒட்டிய தட்டைத் தாங்கியில் இருக்கும்போது அதன் எடை பெரும்பாலும் கீழ்நோக்கியே அழுத்துகிறது. அதே பெட்டியைக் கைத்தாங்கியில் 20 அங்குலம் முன்னே இழுத்தால், தகட்டின் மேல் திருகாணிகளுக்கும் கீழ்த் திருகாணிகளுக்கும் இடையே 10 அங்குலம் உள்ளதாகக் கொண்டால், மேல் திருகாணிகளைச் சுவரிலிருந்து வெளியே பிடுங்குகின்ற விசை 50ஐ 20ஆல் பெருக்கி 10ஆல் வகுத்த கணக்கில் கிட்டத்தட்ட 100 இறாத்தலாகிறது. கைத்தாங்கியின் சொந்த எடையும், கோணத்தைத் திருப்புவதற்காக யாராவது பெட்டியின் விளிம்பைப் பிடித்து இழுப்பதும் இதற்கு மேலதிகம். அலவாங்கால் கல்லை நெம்புகின்ற அதே கணக்குத்தான் இது. இங்கே நெம்பப்படுவது நம் வீட்டுச் சுவர்.

பிளக் பெட்டிகளின் மேல் அச்சிடப்பட்ட எண்களை நம்பி ஏமாறுவோரும் உண்டு. 100 இறாத்தல் தாங்கும் என்று எழுதியிருந்தால், அது பெரும்பாலும் சேதமில்லாத புதிய பலகையில், சோதனையின்போது பலகை உடைந்துபோன அளவு. அதில் நான்கில் ஒரு பங்கையே அன்றாடப் பாரமாக வைப்பது தொழில் வழக்கம். அந்த எண் கீழ்நோக்கிய பாரத்துக்கா, வெளிநோக்கிய இழுவைக்கா என்பதையும் படித்துப் பார்க்க வேண்டும். பலகையின் பின்னால் சிறகு விரிக்கும் டொகிள் போல்ட்டுகள் சாதாரண பிளக்குகளைவிடப் பன்மடங்கு உறுதியானவை என்றாலும், கைத்தாங்கிக்கு அவற்றை மட்டும் நம்புவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

மரச்சட்டத்தைக் கண்டுபிடிப்பதே இந்த வேலையில் பெரும்பகுதி. ட்ரைவோல் பலகைகள் 4 அடி அகலத்தில் வருவதால், சட்டங்கள் பொதுவாக ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 16 அங்குல இடைவெளியில் அடிக்கப்படுகின்றன. 48 அங்குலத்துக்குள் மூன்று இடைவெளிகள் சரியாக அடங்கும். ஆனால் பாரம் தாங்காத உட்சுவர்களிலும், நிலவறையைப் பின்னர் தடுத்து அமைத்த சுவர்களிலும் 24 அங்குல இடைவெளி இருப்பதுண்டு. கதவு, யன்னல் அருகே இந்த ஒழுங்கு முற்றாக மாறிவிடும். தங்கையின் மகன் வீட்டில் நடந்ததும் இதுவே. வந்தவர் இடப்புறச் சட்டத்தைச் சரியாகப் பிடித்து இரண்டு திருகாணிகளை முடுக்கிவிட்டு, அடுத்த சட்டம் 16 அங்குலத்தில் இருக்கும் என்று அளந்து துளைத்திருக்கிறார். அங்கே வெறும் காற்று. சட்டத்தைத் தேடாமல் பையிலிருந்த பிளக்கை எடுத்துவிட்டார்.

சட்டம் தேடும் மின்னணுக் கருவிகள் பயனுள்ளவையே. எனினும், சுவருக்குள் உள்ள குழாய்க்கும் மின்கம்பிக்கும்கூட அவை ஒலி எழுப்பக்கூடும். நான் இன்றும் சட்டைப் பையில் ஒரு சிறு காந்தத்தையே வைத்திருக்கிறேன். அதைச் சுவரில் மெதுவாக உருட்டிக்கொண்டு போனால், பலகையைச் சட்டத்தில் பொருத்திய திருகாணிகளின் தலையில் ஒட்டிக்கொள்ளும். மேலும் கீழுமாக அப்படி மூன்று நான்கு இடங்கள் ஒரே நேர்கோட்டில் அகப்பட்டால் அது சட்டம். பின்னர், பெட்டி மறைக்கப்போகிற இடத்தில், மெல்லிய துளைமுனையால் கால் அங்குலத்துக்கு ஒன்றாகச் சில ஓட்டைகள் போட்டுச் சட்டத்தின் இரு விளிம்புகளையும் கண்டு, நடுவைக் குறிக்க வேண்டும். இரண்டுக்கு நான்கு என்று பெயர் பெற்ற அந்தச் சட்டத்தின் உண்மையான முகப்பு 1½ அங்குலமே. நடுவிலிருந்து முக்கால் அங்குலம் விலகினால் திருகாணி மரத்தை விட்டு வெளியேறிவிடும். துளைமுனை வெளியே வரும்போது அதன் பள்ளங்களில் மஞ்சள் நிற மரச்சுருள் ஒட்டியிருந்தால் நீங்கள் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். வெள்ளைத் தூள் மட்டும் வந்தால், எவ்வளவு அவசரமானாலும் நிறுத்திவிட்டு மீண்டும் தேடுங்கள்.

துளைமுனை உள்ளே ஏதோ இரும்பில் முட்டி நின்றால் அதை மரத்தின் கணு என்று எண்ணிப் பலத்தைக் கூட்டிவிடக் கூடாது. மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ சட்டத்தின் முகப்புக்கு மிக அருகே செல்லும் இடங்களில், அதைக் காப்பதற்காகவே நாங்கள் ஓர் உருக்குத் தகட்டை அடித்துவிட்டிருப்போம். மின்கம்பிகள் பொதுவாகச் சுவிட்ச், மின்செருகுப் பெட்டி ஆகியவற்றின் மேலும் கீழும் சட்டத்தின் பக்கவாட்டில் செல்கின்றன. சில இடங்களில் சட்டத்தின் நடுவைத் துளைத்துக் குறுக்கேயும் செல்லும். மரத்துக்குள் 2 அங்குலம் செல்லும் திருகாணிக்கு அது எட்டாத தூரமன்று. குளியலறைக்குப் பின்சுவரில் பெட்டியை மாட்டாமல் இருப்பதே நல்லது.

திருகாணியைப் பொறுத்தவரை, தாங்கியோடு வரும் அறுகோணத் தலை கொண்ட பெரிய திருகாணிகளே பெரும்பாலும் போதும். 5/16 அங்குலத் தடிப்பும் 2½ முதல் 3 அங்குல நீளமும் உள்ள திருகாணிக்கு, இங்கே வழக்கமான மென்மரச் சட்டத்தில் 3/16 அங்குல முன்துளை பொருத்தமானது. முன்துளை இல்லாமல் முடுக்கினால் சட்டம் பிளந்துபோகலாம். மிகப் பெரிதாகப் போட்டால் மரை பிடிக்காது. கடைசிச் சுற்றுகளை மின்கருவியால் அல்லாமல் கையாலேயே ஸ்பானர் கொண்டு இறுக்குங்கள். தகடு அசையாமல் நின்றதும் போதும். அதற்கு மேலும் இறுக்கினால் மரத்துக்குள் வெட்டிய மரையே அழிந்துபோகும். பெட்டியின் நடு, சோபாவின் நடுவோடு நேராக வரவில்லை என்பதற்காகச் சட்டத்தை விட்டு விலகத் தேவையில்லை. பக்கவாட்டில் நகர்த்தக்கூடிய அகலமான தகடுகள் கிடைக்கின்றன. அல்லது முக்கால் அங்குல ஒட்டுப்பலகை ஒன்றை இரண்டு மூன்று சட்டங்களில் முடுக்கி, அதன்மேல் வேண்டிய இடத்தில் தாங்கியைப் பொருத்தலாம்.

கொண்டோ எனப்படும் உயர்ந்த அடுக்குமாடிக் கட்டடங்களில் நிலைமை வேறு. அங்கே உட்சுவர்களின் பின்னால் இருப்பது பெரும்பாலும் மெல்லிய தகட்டால் மடித்த உருக்குச் சட்டம். மரத் திருகாணி அதில் கவ்வாது. சட்டத்தின் முகப்பினூடாகவே டொகிள் போல்ட் போட்டுத் தட்டைத் தாங்கி மாட்டலாம். கைத்தாங்கிதான் வேண்டும் என்றால், பலகையை வெட்டித் திறந்து, சட்டங்களுக்கிடையே ஒட்டுப்பலகை வைத்து மீண்டும் மூடுவதே ஒழுங்கான வழி. அடுத்த வீட்டோடு பொதுவான சுவர் தீயைத் தடுப்பதற்கென அமைக்கப்பட்டது ஆகையால், அதில் கம்பிகளுக்காக ஓட்டை வெட்டித் திறப்பதற்கு முன் நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். சில கொண்டோக்களில் தட்டிப் பார்த்தால் கொங்கிறீற் சுவர் அகப்படும்; ஊரில் பழகிய துளையும் பிளக்கும் அங்கேதான் உதவும்.

அழகுக்காகப் பெட்டியின் மின்வடத்தைச் சுவருக்குள் இறக்கிவிடுவது இன்னொரு பரவலான தவறு. இத்தகைய நெகிழ் வடங்களைச் சுவருக்குள் மறைத்து ஓடவிடுவதை மின்பாதுகாப்பு விதிகள் அனுமதிப்பதில்லை. பெட்டியின் பின்னால் ஒரு புதிய மின்செருகு வேண்டுமானால், ஒன்ராறியோவில் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரைக் கொண்டு செய்விக்க வேண்டும். வீட்டுக்காரர் தாமே செய்வதானாலும் மின்பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்துவிட்டே செய்ய வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, மாட்டாமல் மேசையிலேயே வைத்துவிடுவோம் என்று யாரும் முடிவெடுத்துவிட வேண்டாம். இழுப்பறை அலுமாரியின் மேல் கட்டாமல் நிறுத்திய பெட்டி, குழந்தை இழுப்பறையில் கால் வைத்து ஏறும்போது கவிழ்வது மிகவும் அறியப்பட்ட ஆபத்து. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2015இல் இதற்காகவே ஓர் பரப்புரையைத் தொடங்கியது. சட்டத்தில் ஒழுங்காக முடுக்கிய தாங்கியே பாதுகாப்பானது. அதை உயரத்தில் மாட்டாமல், உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கு அருகில் மாட்டினால் கழுத்தும் தப்பும்; நெருப்பிடத்துக்கு மேலே மாட்டிவிட்டுக் கோபுர தரிசனம் செய்வதுபோல் அண்ணாந்து பார்க்கும் வீடுகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

ஆளை வைத்து மாட்டுவிப்பவர்கள், அவர் துளைப்பதற்கு முன்னரே, எத்தனை சட்டங்களில் முடுக்கப்போகிறார் என்று கேளுங்கள். எங்கே சட்டம் இருக்கிறது என்று பென்சிலால் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டாதவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

தங்கையின் மகன் வீட்டில், 24 அங்குல இடைவெளியில் நின்ற இரண்டு சட்டங்களுக்கும் குறுக்காக ஒட்டுப்பலகையை ஆறு திருகாணிகளால் முடுக்கி, அதன்மேல் தட்டைத் தாங்கியை மாட்டிக் கொடுத்தேன். கைத்தாங்கி இப்போது கராஜில் கிடக்கிறது. பழைய ஓட்டைகளைப் பூசி அடைத்த இடம் வர்ணம் கொஞ்சம் வெளிறித் தெரிந்தாலும், பெட்டி அதை மறைத்துக்கொண்டிருப்பதால் தங்கை இன்னும் குறை சொல்லவில்லை. மேசையைத் துடைத்துப் பார்த்ததாகவும் தூள் எதுவும் இல்லை என்றும் போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொன்னாள்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ.