விராலிமலை ரோட்டோர மெக்கானிக் அண்ணனுக்கு

போன ஞாயிறு திருச்சியிலிருந்து மதுரை போகும் வழியில், விராலிமலை தாண்டியதும் ஸ்பீடோமீட்டர் முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தது. கார் ஓடுகிறது, கிலோமீட்டர்தான் ஏறவில்லை. முந்தின வாரம் முள் ஆடியபோதே ஒரு ஒர்க்ஷாப்பில் மீட்டரையே மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

நீங்கள் ஸ்கேனரைச் செருகினீர்கள். பி0500 என்று வந்தது; வண்டியின் வேகத்தை அளக்கும் சென்சாரின் சிக்னலில் கோளாறு என்பதற்கான குறியீடு அது. அப்போதும் அவசரப்படவில்லை. கியர்பாக்ஸ் மேலிருந்த அந்த சென்சாரின் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தீர்கள். 12 வோல்ட் வருகிறது, எர்த்தும் சரி. மறுபடி மாட்டி, முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் சிக்னல் மட்டும் இல்லை.

"வயர் நல்லாருக்கு தம்பி, சென்சார்தான் போச்சு."

ஒரே போல்ட்தான், சென்சாரை மாற்றிவிட்டீர்கள். புது ஓ-ரிங்கில் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) துளி கியர் ஆயில் தடவி, விரலால் அழுத்தி உட்கார வைத்தீர்களே, அது இன்னும் கண்ணில் நிற்கிறது. கூலி 200 போதும் என்றீர்கள். பெயர் கேட்கத்தான் மறந்துவிட்டேன். முள் ஆடாமல் நிற்கிறது, நன்றி அண்ணே.