விற்றுத் தருவதாக வாங்கி, ஊர் சுற்றி, மழையில் ஊறவைத்துத் திருப்பித் தந்த என் கார் தொடர்பாகப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
தலைமை அலுவலகம், சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இதற்கு முன் நான் அனுப்பிய மின்னஞ்சல் எல்லாவற்றுக்கும் "தங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்ற ஒரே பதில்தான் வந்தது. டிக்கெட் எண் மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிது. அதனால்தான் இதைத் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். யாராவது ஒருவர் உட்கார்ந்து கடைசி வரை படிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆனால் எழுதியிருப்பது அத்தனைக்கும் என்னிடம் ஆதாரம் இருக்கிறது.

வண்டி 2010 போர்ஷே பாக்ஸ்டர். 2.9 லிட்டர், ஆறு கியர் மேனுவல், இரண்டே இருக்கை, துணிக் கூரை. மற்ற விவரம் உங்கள் கோப்பில் இருக்கும். "பிரீமியம் கார்களுக்கென்றே தனிப் பயிற்சி பெற்ற குழு" என்று விளம்பரத்தில் போட்டிருந்தீர்கள். அதை நம்பி, நிறுத்தி வைத்து விற்றுத் தரும் உங்கள் திட்டத்தில் சேர்ந்து, ஆகஸ்ட் மாதம் வண்டலூர் பக்கம் உள்ள உங்கள் யார்டில் ஒப்படைத்தேன்.

அந்தக் குழுவின் லட்சணம் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டிலேயே தெரிந்தது. வந்த தம்பி முன்பக்கம் திறந்தார், டிக்கி. பின்பக்கம் திறந்தார், அங்கேயும் டிக்கி. "சார், எஞ்சின் எங்க?" என்றார். நடுவில் இருக்கிறது தம்பி, சீட்டுக்குப் பின்னால், அதனால்தான் இதை மிட் எஞ்சின் வண்டி என்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். ரிப்போர்ட் வந்தபோது சிரிப்பு போய்விட்டது. "ஆயில் டிப்ஸ்டிக் காணவில்லை" என்று எழுதி விலையில் கழித்திருந்தீர்கள். இந்த மாடலில் டிப்ஸ்டிக்கே கிடையாது ஐயா. ஆயில் அளவு மீட்டர் திரையில் காட்டும். "ஸ்டெப்னி இல்லை" என்று ஒரு கழிவு. கம்பெனியே கொடுக்கவில்லை, பஞ்சர் அடைக்கும் திரவமும் சிறிய கம்ப்ரசரும்தான் கொடுத்தது, இரண்டும் வண்டியில் இருந்தன. கம்பெனியே முன்னால் 205/55, பின்னால் 235/50 என்று வேறு வேறு அளவில் கொடுத்த டயர்களைப் பார்த்து, "டயர்கள் பொருந்தவில்லை, ரொட்டேஷன் செய்யப் பரிந்துரைக்கிறோம்" என்று, அதாவது முன்னும் பின்னும் மாற்றிப் போடச் சொல்லி வேறு எழுதியிருந்தார்கள். உச்சக்கட்டம், "ஐஎம்எஸ் பேரிங் ஆபத்து" என்ற குறிப்பு. ஐஎம்எஸ் என்பது எஞ்சினுக்குள் இருக்கும் இடை ஷாஃப்ட். அந்தப் பேரிங் தொல்லை பழைய எஞ்சின்களோடு முடிந்துபோனது. 2009 மாடலில் எஞ்சினையே மாற்றிவிட்டார்கள், அதில் அந்த இடை ஷாஃப்டே இல்லை. இல்லாத பாகம் எப்படி ஐயா கெட்டுப்போகும்? இது உங்கள் தொழில். உங்களுக்குத் தெரியாதா?

திருத்தச் சொன்னேன். "சிஸ்டம் லாக் ஆயிடுச்சு சார்" என்றார்கள்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நவம்பரில் உங்கள் சென்னை ஆபீஸிலிருந்து போன். பார்ட்டி ரெடி, நேரில் பார்க்க வருகிறார், ஓனர் இருந்தால் அன்றைக்கே கையெழுத்து முடிந்துவிடும் என்றார்கள். லீவு போட்டு, கோவையிலிருந்து சேரன் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் வந்து, காலையில் யார்டு வாசலில் நின்றேன். செக்யூரிட்டி அண்ணன் உள்ளே விடவில்லை. மேனேஜர் வந்தால்தான் கேட் திறக்குமாம். பாவம், அவர் மேல் குறையில்லை, டீ வாங்கிக் கொடுத்தது அவர் ஒருவர்தான். வாங்க வந்த அந்தப் பெரியவரும் என்னோடு வெயிலில் நின்றார். மேனேஜர் வரும்போது மதியம் ஆகிவிட்டது.

உள்ளே போனால் என் வண்டி ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்கிறது. கூரை போட்ட ஷெட்டில் நிற்கும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். வண்டி முழுக்கப் பொடி இலை. இந்த வண்டியில் துணிக் கூரை மடங்கும் இடத்தில், இரண்டு பக்கமும் தண்ணீர் வடியும் துளை உண்டு. இலை அடைத்தால் மழைத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உள்ளே இறங்கும். பாக்ஸ்டர் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். நான் எழுதியே கொடுத்திருந்தேன்: ஷெட்டில் நிறுத்துங்கள், துளையில் இலை சேராமல் பாருங்கள், பேட்டரி சார்ஜரை எப்போதும் மாட்டி வையுங்கள் என்று. சார்ஜரையும் நானே வாங்கிக் கொடுத்தேன். அது பிரிக்காத டப்பாவோடு அப்படியே பின் டிக்கியில் கிடந்தது.

பேட்டரி செத்துக் கிடந்தது. இந்த வண்டியில் பேட்டரி முன் டிக்கிக்குள் இருக்கிறது, முன் டிக்கி திறக்க கரண்ட் வேண்டும். அதற்கு ஒரு வழி ஓனர் மேனுவலிலேயே போட்டிருக்கிறது. ஃப்யூஸ் பெட்டியில் இருக்கும் சிவப்பு முனையை வெளியே இழுத்து, வேறொரு பேட்டரியின் பாசிட்டிவை அதில் கொடுத்து, நெகட்டிவை வண்டியின் இரும்பில் கொடுத்தால் பூட்டு திறக்கும். ஹாரன் அலறும், அவ்வளவுதான். இதை நான் மேனேஜரிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உங்கள் பையன் ஒருவன் பெரிய ஸ்க்ரூடிரைவரை மூடியின் விளிம்பில் விட்டு நெம்பினான். என் கண் முன்னால். பெயிண்ட் சில்லாகப் பெயர்ந்து தரையில் விழுந்தது. மூடியின் ஓரம் வெளியே வளைந்து நின்றது. நான் போட்ட கத்தலில் வாசலில் இருந்த செக்யூரிட்டி ஓடி வந்தார்.

கதவைத் திறந்தால் நாற்றம். கார்ப்பெட்டைக் கையால் அழுத்தினேன், விரல் இடுக்கில் தண்ணீர் வந்தது. சீட்டுக்கு அடியில் உள்ள வயர் கனெக்டரெல்லாம் பச்சை பூத்துப்போய் இருந்தது. ஏர்பேக் விளக்கு அன்றிலிருந்து அணையவே இல்லை. வாங்க வந்தவர் எதுவும் பேசவில்லை. என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அங்கே நின்றபடியே உங்கள் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். அந்த அழைப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதமே என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, பாட்டைக் கேள். அப்புறம் ஒருவர் எடுத்தார். முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "சார், ஓப்பன் கார வாங்கி வச்சிக்கிட்டு மழை உள்ள வருதுன்னா நாங்க என்ன சார் பண்ண முடியும்?" நான் மேலதிகாரியிடம் கொடுங்கள் என்றேன். "எதுக்கு சார் இவ்ளோ டென்ஷன், பழைய வண்டிதானே? இன்னொரு நாள் வாங்க, கோயம்புத்தூர்தானே" என்றார். கோயம்புத்தூர்தானே! ஐந்நூறு கிலோமீட்டர் ஐயா. பக்கத்துத் தெருவா? பின்னணியில் யாரோ சிரிக்கும் சத்தமும் கேட்டது. "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்தப் பதிவைப் போட்டுக் கேளுங்கள். நான் ஒரு வார்த்தை மரியாதை குறைவாகப் பேசியிருந்தால் இந்தப் புகாரையே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என் அப்பா கூட என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

சொல்ல விட்டுப்போனது ஒன்று இருக்கிறது. மழைக்கு முன்னால், செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் போனுக்கு ஃபாஸ்டேக் குறுஞ்செய்தி வந்தது. பரனூர் டோல். கொஞ்ச நேரத்தில் ஆத்தூர் டோல். சாயந்திரம் திரும்பவும் ஆத்தூர், திரும்பவும் பரனூர். கேட்டதற்கு "டெஸ்ட் டிரைவ் சார்" என்றார்கள். வண்டலூரில் நிற்கும் வண்டியின் பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கத் திண்டிவனம் வரை போக வேண்டுமா? காலையில் போய் இருட்டும் நேரத்தில் திரும்புவதற்குப் பெயர் டெஸ்ட் டிரைவா? புதுச்சேரிக்குப் போனீர்கள் என்று பச்சையாகச் சொல்லிவிடுங்கள்.

அதோடு நிற்கவில்லை. வண்டியை என் சொந்தச் செலவில் கோவைக்குக் கொண்டுவந்து, எங்கள் மெக்கானிக்கிடம் கம்ப்யூட்டரில் மாட்டினோம். இந்த வண்டியின் எஞ்சின் கம்ப்யூட்டர், எஞ்சின் அளவு மீறிச் சுற்றிய ஒவ்வொரு தடவையையும் ஆறு படிகளாகப் பிரித்து எழுதி வைத்துக்கொள்ளும், கடைசியாக எத்தனையாவது ஓட்ட மணியில், அதாவது எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருந்தபோது நடந்தது என்பதோடு. ஆக்ஸிலரேட்டரை மட்டும் மிதித்து மேல் படிகளுக்குப் போக முடியாது, லிமிட்டர் தடுத்துவிடும். வேகத்தில் நாலாவது கியருக்குப் பதில் இரண்டாவதில் தள்ளுவது போல, தவறிக் கீழ் கியரில் போட்டால்தான் அங்கே பதிவாகும். உங்களிடம் கொடுப்பதற்கு முன் எடுத்த பிரிண்ட்டில் நாலு, ஐந்து, ஆறாம் படிகள் பூஜ்யம். இப்போது நாலாம் படியில் பதிவு இருக்கிறது. ஓட்ட மணி, நான் ஒப்படைத்தபோது இருந்ததற்குப் பிந்தியது. இரண்டு பிரிண்ட்டும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்று உங்களுக்குப் புரியுமா என்று தெரியவில்லை. எங்களைப் போன்ற ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் இந்த வண்டிகளை வாங்கும்போது பளபளப்பைப் பார்க்க மாட்டார்கள். காலையில் முதல் ஸ்டார்ட் வீடியோ கேட்பார்கள், பெயிண்ட் தடிமன் அளவு கேட்பார்கள், சர்வீஸ் பில் கோப்பு கேட்பார்கள், அப்புறம் கண்டிப்பாக இந்த ஓவர்ரெவ் பிரிண்ட்டைக் கேட்பார்கள். அதில் மேல் படியில் எண் ஏறிவிட்டால் எஞ்சினில் எந்த வால்வு எப்படி இருக்கிறதோ என்ற சந்தேகம் போகவே போகாது. பூஜ்யம் என்று எழுதியிருந்த அந்தத் தாளுக்கே தனி விலை. அதை அழித்துவிட்டீர்கள். இனி இந்த வண்டியை விவரம் தெரிந்த ஒருவனும் தொட மாட்டான்.

கொச்சியில் இருக்கும் எங்கள் கார் பிரியர் குழு நண்பர் ஒருவர் 25 லட்சத்துக்கு வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். தெரிந்த வண்டி, தெரிந்த ஆள், பேரம் கூடப் பேசவில்லை. தொண்ணூறு நாள் வெளியே யாருக்கும் விற்கக்கூடாது என்ற உங்கள் நிபந்தனையைக் காட்டி, பொறுங்கள் என்று சொன்னேன். அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு வண்டி வாங்கிவிட்டார். இப்போது குழுவில் என் வண்டிக்குப் பெயரே "நீச்சல் குளம்". பதினெட்டு வயதில் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவன் நான். ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க எத்தனை வருடம் பிடித்தது என்று எனக்குத் தெரியும். அதைக் கெடுக்க உங்களுக்கு ஒரு பருவமழை போதுமாக இருந்தது. உங்களால் என் வாழ்க்கையே நின்றுபோய்விட்டது என்று சொன்னாலும் மிகையில்லை.

சட்டம் எனக்கும் கொஞ்சம் தெரியும். பழைய வண்டி விற்கும் டீலர்களுக்கான மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி உங்கள் கையில் இருக்கும் வண்டிக்கு நீங்களே பொறுப்பு. யார் ஓட்டினார், எதற்காக, எத்தனை கிலோமீட்டர் என்று மின்னணுப் பதிவேடு வைக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். பதிவேடு இல்லையென்றால் அதையும் எழுத்தில் சொல்லுங்கள், ஆர்டிஓவிடம் காட்ட எனக்கு வசதியாக இருக்கும்.

தயவுசெய்து தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களோடு சண்டை போட எனக்கு ஆசையில்லை. முன் மூடிக்கு டிங்கரிங், பெயிண்ட், உள்ளே கார்ப்பெட், சீட்டடி வயரிங், ஏர்பேக் கோளாறு ஆகியவற்றுக்கான எஸ்டிமேட்டும், கோவைக்குக் கொண்டுவந்த டிரக் வாடகை ரசீதும், டோல் கழிவும் இணைப்பில் உள்ளன. அந்தத் தொகையும், ஓவர்ரெவ் பதிவால் விலை இறங்கியதற்கு 5 லட்சமும் தர வேண்டும். போனில் அப்படிப் பேசிய ஊழியரை வேலையை விட்டு அனுப்பச் சொல்லவில்லை, அவருக்கும் குடும்பம் இருக்கும். என்னிடம் ஒரு மன்னிப்பு. போனில் போதும், இதே பதிவு செய்யப்படும் லைனில்.

பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள்தான் சென்னையிலிருந்து கிளம்பி வர வேண்டியிருக்கும். கோயம்புத்தூர்தானே.

இப்படிக்கு,
உங்கள் கோப்பில் பெயர் உள்ள வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பின்குறிப்பு: இரண்டு சீட்டுக்கும் பின்னால் உள்ள வளையங்களுக்கு நடுவில் மாட்டும், கண்ணாடி போன்ற காற்றுத் தடுப்பு, டூல்கிட்டில் இருந்த இழுவைக் கொக்கி, இரண்டும் திரும்பி வரவில்லை. ஒப்படைப்புப் பட்டியலில் உங்கள் மேனேஜரின் கையெழுத்தோடு இரண்டும் எழுதியிருக்கிறது. தேடிப் பார்த்துக் கூரியரில் அனுப்பவும். காற்றுத் தடுப்பை அட்டையில் நன்றாகச் சுற்றி அனுப்பவும்.