வத்தளை, வெள்ளவத்தைப் பக்கம் காணி பார்க்கும் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஹற்றனில் இருந்துகொண்டு கொழும்புப் பக்கத்துக் காணிக்கு வீட்டுப் பிளான் கேட்டு வருபவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் பெரும்பாலானவர்கள் வரும்போதே, “காணி பிடிச்சிருக்கு, அட்வான்ஸும் கொடுத்தாச்சு, இரண்டு மாடிக்கு ஒரு பிளான் போட்டுத் தாங்க” என்கிறார்கள். கரையோரக் காணி என்றால் வேலை நடக்க வேண்டிய வரிசை இதற்கு நேர் எதிர். அதனால் இனிமேல் வத்தளை, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை, இரத்மலானைக் காணிகளுக்கு சர்வே பிளானையும் வீதிக்கோட்டுச் சான்றிதழையும் (வீதியை அகலமாக்கினால் காணியில் எவ்வளவு போகும் என்று காட்டி உள்ளூராட்சிச் சபை தரும் தாள்) பார்க்காமல் நாங்கள் வரையத் தொடங்க மாட்டோம். “தெரிந்தவர்களிடமே இவ்வளவு கெடுபிடியா?” என்று சிலர் முகம் சுளித்தார்கள். காரணத்தைச் சொல்லத்தான் இந்த மடல்.

நம் ஊரில் வீடு கட்டப் போனால் முதலில் வரும் கேள்வி சரிவைப் பற்றியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இடத்தைப் பார்த்து, மண்சரிவு அபாயம் இல்லை என்று சொல்ல வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் செய்துவிட்டுப் போனதைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வியை யாரும் சும்மா சம்பிரதாயம் என்று நினைப்பதில்லை. “மலையே வேண்டாம், சமதரையில் ஒரு துண்டு போதும்” என்று எங்களிடம் வருபவர்களின் பயமும் நியாயமானதுதான். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மலையில் மண் சரிந்த அதே நாட்களில் கீழே களனி கங்கையும் கரை மீறியது. சமதரை என்பதற்காக அது பத்திரமான தரை ஆகிவிடாது.

களனி என்றால் யாருடைய தண்ணீர்? மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. நம் தோட்டங்களில் பெய்யும் மழை கடலில் சேரும் இடம் மட்டக்குளிக்கும் வத்தளைக்கும் நடுவில். ஆகவே வத்தளையில் காணி வாங்குகிறவர் மலையின் தண்ணீரை விட்டுத் தப்பிப் போகவில்லை, அது கடைசியாக வந்து தேங்கும் இடத்துக்குத்தான் போகிறார். அதற்காக வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வத்தளையில் மேடான, நல்ல காணிகளும் இருக்கின்றன. எந்தத் துண்டு எப்படிப்பட்டது என்று பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் எந்தச் சபை என்று பாருங்கள். வெள்ளவத்தை கொழும்பு மாநகர சபைக்குள். ஒரு கால்வாயைத் தாண்டினால் தெஹிவளை–கல்கிசை மாநகர சபை. வத்தளை கொழும்பு மாவட்டமே இல்லை, கம்பஹா மாவட்டம். அதிலும் வத்தளை–மாபொல நகர சபை வேறு, வத்தளை பிரதேச சபை வேறு. ஹெந்தளைப் பக்கம் காணி பார்த்துவிட்டு நகர சபை வாசலில் அரை நாள் நின்றவர்கள் உண்டு. சபை எதுவானாலும், நகர அபிவிருத்தி அதிகார சபை, அதாவது 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த யூ.டீ.ஏ., பிரகடனம் செய்த பிரதேசம் என்றால் அதன் ஒழுங்குவிதிகள்தான் பிளானுக்கு அளவுகோல். குடியிருப்பு வலயமா, வர்த்தக வலயமா, தாழ்நிலமா என்பதை அந்தப் பகுதிக்கான அபிவிருத்தித் திட்டம் சொல்லும். புரோக்கர் சொல்வதை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். அவருடைய வாயில் எல்லாக் காணியும் குடியிருப்புக் காணிதான்.

அடுத்தது கடல். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, கடலின் சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் எந்தக் கட்டுமானத்துக்கும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். சிறிய வீடுகளுக்கான அனுமதியைப் பிரதேச செயலகத்தினூடாகவே எடுக்கலாம். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் பெரும்பகுதி இந்த 300 மீற்றருக்குள் விழுகிறது. “நடுவில் ரயில் பாதை இருக்கு, மரைன் டிரைவ் இருக்கு, கடல் எங்கேயோ கிடக்கு” என்று விற்பவர் சொல்லுவார். சட்டம் ரயிலைப் பார்த்து அளப்பதில்லை. ரயில் பாதையை ஒட்டிய காணி என்றால் ரயில்வே தனக்கென ஒதுக்கி வைத்த தரை தனிக் கதை.

வத்தளையில் இதைவிடச் சிக்கல். கடலோடு சேரும் ஆறு, களப்பு போன்றவற்றுக்கு இந்த வலயம் முகத்துவாரத்திலிருந்து 2 கிலோமீற்றர் உள்ளே வரை நீளும். 2011 திருத்தத்துக்குப் பிறகு அந்த நீர்நிலையின் ஓரமாக 100 மீற்றர் தரையும் அதில் சேர்ந்துவிட்டது. கடல் கண்ணுக்கே தெரியாத இடத்தில் நின்றுகொண்டு, “இது எப்படிக் கரையோரம்?” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அனுமதி வேண்டும் என்பதும் கட்டவே முடியாது என்பதும் ஒன்றல்ல. வலயத்துக்குள் கடலுக்குக் கிட்டிய ஒரு பட்டியில் மட்டும் கட்டுமானம் தடை அல்லது கடும் கட்டுப்பாடு. அந்தப் பட்டியின் அகலம் இடத்துக்கு இடம் மாறும், வர்த்தமானியில் வந்த கரையோர முகாமைத்துவத் திட்டத்தில் பகுதி பகுதியாகக் கொடுத்திருக்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு மேற்கிலும் தெற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று ஒரு தடை வந்ததே, அதைத்தான் இன்னமும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தடையை அரசாங்கம் பிறகு தளர்த்திவிட்டது. அதை நம்பி நல்ல காணியை விட்டவர்களும் உண்டு. தளர்த்தியாச்சே என்று இருக்கிற கட்டுப்பாட்டையும் மறந்தவர்களும் உண்டு.

நிரப்பிய காணி என்பதுதான் எங்களுக்கு மிகவும் கவலை தரும் விஷயம். வத்தளைக்கு வடக்கே முத்துராஜவெல சதுப்பு நிலம், அதன் வடபகுதி 1996 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஹெந்தளை, உஸ்வெட்டகெய்யாவப் பக்கங்களில் அந்தச் சதுப்பின் ஓரங்களும் பழைய வயல்களும் துண்டு துண்டாக விலைக்கு வருகின்றன. செம்மண் கொட்டி, சமப்படுத்தி, ஒரு கம்பி வேலியும் போட்டுவிட்டால் வெயில் காலத்தில் அழகாகத்தான் இருக்கும். வயல் காணியை நிரப்ப 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். தாழ்நிலம் என்றால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் கடிதத்தையும் கேட்பார்கள். இந்தத் தாள்கள் இல்லாமல் நிரப்பியிருந்தால் காணி உறுதிப் பத்திரம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பிளான் பாஸாவது கஷ்டம். உறுதியைப் பார்க்கும் லோயர் உரிமையைத்தான் பார்ப்பார், மண்ணைப் பார்க்க மாட்டார். ஒரு வழி சொல்கிறோம்: மழைக்காலத்தில் ஒரு தடவை போய், காணியின் மூலையில் நில்லுங்கள். பக்கத்து வீட்டு மதிலில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். விற்பவரைவிட அந்த மதில் உண்மை பேசும்.

சரி, இனிக் கணக்கு. நமக்கு 7 பேர்ச்சஸ் என்பது பழகிய அளவு, தோட்டத்து வீடமைப்பில் ஒரு குடும்பத்துக்கு என்று வந்த அளவு. யூ.டீ.ஏ. பிரதேசத்தில் குடியிருப்புத் துண்டுக்குப் பொதுவான ஆகக் குறைந்த அளவு 150 சதுர மீற்றர், அதாவது ஏறக்குறைய 6 பேர்ச்சஸ். எனவே 7 பேர்ச்சஸ் தாராளம் என்று தோன்றும். 7 பேர்ச்சஸ் என்றால் 177 சதுர மீற்றர். குடியிருப்புக்குப் பொதுவாகக் காணியில் 65 சதவீதத்தில்தான் கட்டடம் எழுப்பலாம் என்று வைத்தால், தரைத்தளம் 115 சதுர மீற்றர், சுமார் 1,240 சதுர அடி. இதுவே கடதாசியில் உள்ள உச்சம்தான். முன்னால் உள்ள 10 அடி ஒழுங்கையை 20 அடியாக்கச் சபை வீதிக்கோடு போட்டிருந்தால், உங்கள் பக்கம் 5 அடி போகும். 9 மீற்றர் முகப்பு என்றால் அரைப் பேர்ச்சஸுக்கு மேல் அங்கேயே கழிந்துவிடும். அதற்கு உள்ளே கட்டடக்கோடு என்று இன்னொன்று, அதைத் தாண்டி வீதிப்பக்கம் கட்டடம் வரக் கூடாது. பின்னால் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் இடம் விட வேண்டும், வாகனம் நிறுத்த இடம் காட்ட வேண்டும், கழிவுக்குழிக்கும் இடம் வேண்டும். கடைசியில் மிஞ்சுவது நீங்கள் மனதில் கட்டிய வீடாக இருக்காது. இதனால்தான் வீதிக்கோட்டுச் சான்றிதழை முதலில் கேட்கிறோம். சபையில் ஒரு விண்ணப்பம், சிறிய கட்டணம். அட்வான்ஸுக்கு முன்னால் எடுத்தால் விலை பேசவும் உதவும்.

இரத்மலானை, தெஹிவளைப் பக்கம் மூன்று நான்கு மாடி யோசிப்பவர்கள் விமான நிலையத்தையும் நினைவில் வையுங்கள். உயரத்துக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் சம்மதம் தேவைப்படலாம்.

“அங்கே நம்ம ஆட்கள் இருக்காங்களா?” இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. பிளான் வரைபவர்களிடம் கேட்கும் கேள்வியா என்று சிரிக்காமல் பதில் சொல்கிறோம். கொழும்பு மாநகர எல்லைக்குள் எந்த இனமும் பாதியைத் தொடுவதில்லை. வெள்ளவத்தையில் தமிழ்க் குடும்பங்கள் அதிகம். ஆனால் அது யாழ்ப்பாணத்துப் பணமும் வெளிநாட்டுப் பணமும் சேர்ந்து அடுக்குமாடிகளாக உயர்ந்த இடம். அங்கே காணி என்று வாங்குவது நம்மில் சிலருக்குத்தான் எட்டும், மற்றவர்கள் கடைகளில் வேலை செய்து வாடகைக்கு இருக்கிறார்கள். காணி வாங்கும் மலையகக் குடும்பங்கள் போவது அநேகமாக வத்தளைப் பக்கம். அந்தப் பக்கம் எப்படி நிரம்புகிறது என்பதைக் குடிசனக் கணக்கே காட்டுகிறது: 2012 இல் கொழும்பு மாவட்டம் முதலிடத்தில் இருந்தது, 2024 கணக்கெடுப்பில் கம்பஹா அதை முந்திவிட்டது. ஆட்கள் கூடினால் ஒழுங்கைகள் நெரியும், சபைகள் வீதிக்கோட்டை இறுக்கிப் பிடிக்கும்.

பாடசாலைக்காகவே இடம் மாறுபவர்கள் இன்னொன்றையும் விசாரியுங்கள். முதலாம் வகுப்பு அனுமதியில் வீட்டுக்கும் பாடசாலைக்கும் உள்ள தூரம், உறுதி, வாக்காளர் இடாப்பு எல்லாம் பார்க்கப்படும். ஹெந்தளையில் வீடு கட்டிவிட்டு, தமிழ் மொழி வகுப்புக்காகப் பிள்ளையை விடிகாலையில் கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏற்றும் குடும்பங்கள் எங்கள் வாடிக்கையாளர்களிலேயே இருக்கிறார்கள். வீடு அழகாக வந்திருக்கிறது, பிள்ளைக்குத்தான் தூக்கம் போதவில்லை.

அடுக்குமாடியில் வீடு வாங்குபவர்களுக்கு எங்களால் பெரிய உதவி இல்லை. கூட்டு ஆதனப் பிளான் (அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாகக் காட்டும் பிளான்) காணிப் பதிவகத்தில் பதிவாகியிருக்கிறதா, கட்டடத்துக்குச் சீ.ஓ.சீ. (அனுமதித்த பிளான்படிதான் கட்டியிருக்கிறது என்ற சான்றிதழ்) கிடைத்திருக்கிறதா என்று மட்டும் லோயரிடம் கேட்டுவிடுங்கள். அந்தப் பிளான் பதிவாகாமல் உங்கள் வீட்டுக்குத் தனி உறுதி எழுத முடியாது. லயத்தில் தலைமுறைகளாக உறுதி இல்லாமல் வாழ்ந்துவிட்டு, கொழும்பில் போய்ப் பணம் கட்டி மறுபடி உறுதி இல்லாமல் இருப்பது எங்களுக்கே பொறுக்கவில்லை.

கட்டுமானத்தைப் பற்றி ஒரே ஒரு பேச்சு. உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். இங்கே தகரக் கூரையும் சாதாரண ஆணியும் போட்டுப் பழகிய மேசன் பாஸ் அங்கேயும் அதையே செய்யப் பார்ப்பார். கம்பிக்கு மேல் கொங்கிரீட் மூடும் தடிப்பைக் கரையோரப் பிளான்களில் கூட்டித்தான் எழுதுகிறோம். செலவு கூடுகிறதே என்று அதைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.

ஆகவே வரும்போது சர்வே பிளான், உறுதியின் பிரதி, வீதிக்கோட்டுச் சான்றிதழ், நிரப்பிய காணி என்றால் அனுமதிக் கடிதம், இவற்றைக் கொண்டு வாருங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் வந்தால் தாள்களைப் பார்த்து, எவ்வளவு கட்டலாம் என்று ஒரு கைக்கணக்கு போட்டுத் தருவோம். அதற்குக் கட்டணம் இல்லை. சபைக்குப் போகும் பிளானில் அதற்குத் தகுதி பெற்ற ஒருவர் கையொப்பமிட வேண்டும், அவருடைய கட்டணம் எங்கள் கட்டணத்தில் சேராது. ஹற்றன், கொட்டகலை, மஸ்கெலியாக் காணிகளுக்கு வழக்கம் மாறவில்லை, முன்பு போலவே வாருங்கள். ஞாயிறு கடை பூட்டு.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுப் பிளான் வரையும் அலுவலகத்தார்,
ஹற்றன்