16 வயதுக் கதவை மூடுங்கள்: ஃபிஃபாவுக்கு ஒரு திறந்த மடல்

ஃபிஃபா நிர்வாகிகளுக்கு,

வணக்கம். மார்ட்டின் ஓடெகார்டை முன்வைத்து உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இங்கிலாந்தின் ஆர்சனல் கால்பந்துக் கிளப்புக்குக் கேப்டன், நார்வே தேசிய அணிக்கும் கேப்டன், நெருக்கடியான இடத்தில் பந்தை வாங்கி, நேரம் பார்த்து, இடது காலால் பிரித்துக் கொடுப்பதில் அவரைப்போல் இன்னொரு மிட்ஃபீல்டரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் அவர் பெயரை எடுத்தாலே கூடவே ஒரு வாதமும் வந்துவிடுகிறது: "16 வயதிலேயே ரியல் மாட்ரிட் கூட்டிப்போனதால்தானே இன்று இப்படி இருக்கிறார்!" சின்னப் பிள்ளைகளைப் பெரிய கிளப்புகள் அள்ளிக்கொண்டு போவதற்கு அவரையே சாட்சிக்கு நிறுத்துகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. அவர் ஆடிவந்த பாதையை வரிசையாகப் பார்த்தால், அந்த வாதத்துக்கு எதிரான சாட்சியே அவர்தான்.

18 வயது ஆகாதவரை நாடு விட்டு நாடு மாற்றக் கூடாது என்கிறது உங்கள் விதிமுறையின் 19ஆம் பிரிவு. நல்ல விதி. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கும் உள்ளே 16 ஆனாலே போதும் என்று அதிலேயே ஒரு விலக்கும் வைத்திருக்கிறீர்கள். நார்வே ஒன்றியத்தில் இல்லை, பொருளாதாரப் பகுதியில் இருக்கிறது. நார்வேயின் டிராமன் நகரத்துப் பையனான ஓடெகார்டுக்கு 2014 டிசம்பர் 17 அன்று 16 முடிந்தது. 2015 ஜனவரியில் ரியல் மாட்ரிட்டின் வெள்ளை ஜெர்சியோடு கேமராக்களுக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். ஐந்து வாரம்தான் இடைவெளி.

அதற்கு முன்னால் அவர் வளர்ந்த விதத்தையும் பாருங்கள். நார்வேயில் குழந்தைகள் விளையாட்டுக்கென்றே விதிகள் இருக்கின்றன. 11 வயதாகும் ஆண்டு வரை புள்ளிப் பட்டியலும் கிடையாது, தரவரிசையும் கிடையாது. அப்பா ஹான்ஸ் எரிக், ஸ்ட்ரோம்ஸ்கொட்செட் கிளப்பில் மிட்ஃபீல்டராக ஆடியவர். மகனும் அதே கிளப்புக்காக 2014 ஏப்ரலில், 15 வயதில், நார்வே லீகில் இறங்கினார். அந்த லீகில் அதுவரை அவ்வளவு இளம் வயதில் யாரும் ஆடியதில்லை. அதே ஆகஸ்டில் தேசிய அணி. வீட்டுப் பக்கத்திலேயே, தெரிந்த முகங்களுக்கு நடுவில், பெரியவர்களோடு மோதி ஆடிக்கொண்டிருந்தார். ஒரு குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் மாட்ரிட். பயிற்சி முதல் அணியோடு, ஆட்டம் காஸ்டில்லா என்கிற இரண்டாம் அணிக்கு, அதுவும் ஸ்பெயினின் மூன்றாம் அடுக்கு லீகில். வாரம் முழுக்க ஒரு கூட்டத்தோடு பயிற்சி எடுத்துவிட்டு வார இறுதியில் வேறொரு கூட்டத்தோடு களமிறங்கும் பையனை எந்த அணி தன் ஆளாக ஏற்றுக்கொள்ளும்? இரண்டு இடத்திலும் ஒட்டாமல் நின்றதைப் பற்றி அவரே பின்னாளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 2015 மே 23, கெட்டாஃபேவுக்கு எதிரான ஆட்டம், 58ஆவது நிமிடம். மூன்று கோல் அடித்திருந்த கிறிஸ்டியானோ ரொனால்டோ வெளியே வர, இந்தப் பையன் உள்ளே போனார். ரியல் மாட்ரிட் வரலாற்றிலேயே மிக இளைய ஆட்டக்காரர் என்று உலகம் முழுக்கச் செய்தி போனது. படம் எடுக்க அருமையான காட்சிதான். ஆனால் அன்றைக்குப் பயிற்சியாளராக இருந்த அன்செலோட்டி பின்னாளில் எழுதியதைப் படித்தால், இதில் விளம்பரக் கணக்கே பெரிது என்பது தெளிவாகிறது. அடுத்த ஐந்து ஆண்டுகளில் முதல் அணிக்காக அவருக்குக் கிடைத்தது இன்னும் ஒரே ஒரு கோப்பை ஆட்டம். அந்தக் கிளப்பில் இருந்த காலம் முழுவதையும் கூட்டினாலும் 11 ஆட்டங்கள்தான்.

ஓடெகார்ட் ஆட்டக்காரராகத் தேறியது வேறு ஊர்களில். ரியல் மாட்ரிட் ஒப்பந்தத்தில் இருந்தபடியே, கடனாக வேறு கிளப்புகளுக்கு ஆடப் போனார். 2017 ஜனவரியில் நெதர்லாந்தின் ஹீரன்வீன், ஒன்றரை ஆண்டு. அப்புறம் விட்டெஸ், ஒரு சீசன். ஊடக வெளிச்சம் அதிகம் படாத கிளப்புகள் இரண்டும், ஆனால் வாராவாரம் ஆடவிட்டார்கள், தப்பு செய்தால் அடுத்த வாரமும் ஆடவிட்டார்கள். அதற்குப் பிறகு ஸ்பெயினின் இன்னொரு கிளப்பான ரியல் சொசியடாட். அங்கே போன வேகத்தில் 2019 செப்டம்பரில் ஸ்பெயினின் முதல் அடுக்கு லீகான லா லீகாவின் மாதச் சிறந்த வீரர். 2020 பிப்ரவரியில் ஸ்பெயினின் கோப்பைப் போட்டியான கோபா டெல் ரேயின் காலிறுதி, அதுவும் ரியல் மாட்ரிட்டின் சொந்த மைதானமான பெர்னபேயுவிலேயே. ரியல் மாட்ரிட் 4-3 என்று தோற்ற அந்த இரவில் முதல் கோல் அடித்ததே இவர்தான். சொந்தக் கிளப்பு ஐந்து ஆண்டாக இடம் கொடுக்காத ஒருவர், அதே புல்தரையில், அதே கிளப்புக்கு எதிராக! அதைப் பார்த்துவிட்டு அந்தக் கோடையில் திரும்பக் கூப்பிட்டார்கள், கூப்பிட்டு மறுபடி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். 2021 ஜனவரியில் ஆர்சனல் கடனாக வாங்கியது, ஆகஸ்டில் நிரந்தரமாகவே எடுத்துக்கொண்டது, 2022இல் கேப்டன் பட்டையைக் கட்டியது. அடுத்த சீசனில் பிரீமியர் லீகில் மட்டும் 15 கோல். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும்.

மாட்ரிட்டில் மோட்ரிச், க்ரோஸ் போன்ற பெரிய மிட்ஃபீல்டர்களோடு தினமும் பயிற்சி எடுத்தது வீண் போயிருக்காது, சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை 18 வயதில் கற்றுக்கொள்ள முடியாதா? அவருடைய தேசிய அணித் தோழர் ஹாலண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரைன, அப்புறம் மோல்டே என்று நார்வேக்குள்ளேயே ஆடிவிட்டு, 18 முடிந்த பிறகு 2019 ஜனவரியில்தான் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் கிளப்புக்குப் போனார். நிதானமாகக் கிளம்பியதால் அவருக்கு என்ன குறைந்துவிட்டது?

ஓடெகார்டுக்கு அப்பா கூடவே மாட்ரிட் வந்தார், அங்கேயே பயிற்சியாளர் வேலையும் கிடைத்தது. சம்பளம் இருந்தது, பெயர் இருந்தது, பந்தைத் தொட்டாலே தெரியும் திறமை இருந்தது. இத்தனை இருந்தும் 16இல் போனவர் தனக்கென்று ஓர் இடம் பிடிக்க ஆறு ஆண்டு ஆனது. இதில் பாதிகூட இல்லாத பையன்கள் இதே விலக்கு வழியாகப் போகிறார்கள். இரண்டாம் அணியில் இரண்டு சீசன், அப்புறம் வரிசையாகக் கடன் ஒப்பந்தங்கள், அப்புறம் பெயரே காதில் விழுவதில்லை. தப்பித்து வந்த ஒருவரைக் காட்டி வழி பத்திரமானது என்று சொல்வது என்ன நியாயம்?

பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு, 2021இலிருந்து இங்கிலாந்து கிளப்புகள் இந்த விலக்கின் வழியே ஐரோப்பாவிலிருந்து 18 வயதுக்குக் குறைந்தவர்களை எடுக்க முடிவதில்லை. அதனால் இங்கிலாந்து கால்பந்து ஒன்றும் முடங்கிவிடவில்லை. அங்கே முடிந்தது ஸ்பெயினிலும் ஜெர்மனியிலும் ஏன் முடியாது?

அதனால் கேட்கிறேன், 16 வயது விலக்கை நீக்குங்கள். ஐரோப்பியச் சட்டத்தோடு இடிக்கும், நாளாகும் என்றால், அதுவரைக்குமாவது இரண்டு காரியம் செய்யுங்கள். 18க்குள் வெளிநாட்டுப் பையனை எடுக்கும் கிளப், படிப்புக்கும் தங்குமிடத்துக்கும் பொறுப்பேற்பதோடு, அவன் எந்த அணியோடு பயிற்சி எடுப்பான், எந்த அணிக்கு ஆடுவான், யார் அவனுக்குப் பயிற்சியாளர் என்பதையும் எழுத்தில் கொடுக்கட்டும். பயிற்சி எடுக்கும் அணியும் ஆடும் அணியும் ஒன்றாகவே இருக்கட்டும். அடுத்தது, ஒரு கிளப் எத்தனை பேரைக் கடனுக்கு அனுப்பலாம் என்று 2022இல் நீங்கள் கொண்டுவந்த உச்சவரம்பில் 21 வயது வரையானவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டீர்கள். 18க்குள் நாடு விட்டுக் கொண்டுவரப்பட்டவர்களை மட்டுமாவது அந்தக் கணக்குக்குள் கொண்டுவாருங்கள். கடனுக்கு அனுப்புவதில் ஓர் எல்லை உண்டு என்று தெரிந்தால், வாங்கும்போதே கிளப்புகள் யோசிக்கும்.

இப்படிக்கு,
ஓடெகார்டின் ஆட்டத்தை விடாமல் பார்க்கும் ஒரு ரசிகன்