தோண்டத்தான் வேண்டுமா என்று கேட்டாயே

மாட்ரிட்,
ஞாயிறு இரவு

அன்புள்ள வரைபடக்காரிக்கு,

மே மாதம் நீ எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். கோபித்துக்கொள், ஆனால் முழுதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள். முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்றால் கேட்க மாட்டாய். தலைமையாசிரியர் அம்மாவின் சதாபிஷேகத்துக்கு என்னால் வர முடியவில்லை. என் பங்கு ஜாங்கிரியையும் நீயே சாப்பிட்டிருப்பாய், தெரியும். இங்கே எல்லோரும் நலம். பேத்திக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டன. அவள் ஸ்பானிய மொழியில் சண்டை போடுகிறாள், நான் தமிழில் பதில் சொல்கிறேன்.

தாமதத்துக்குக் காரணம் உன் கடைசிப் பத்திதான். "ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் முடிந்து எத்தனையோ வருடமாயிற்று. இன்னும் எதற்கு எலும்புகளைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்? ஆறிய புண்ணைக் கீறுவதுபோல் இல்லையா?" என்று கேட்டிருந்தாய். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உடனே எழுதியிருந்தால் நம் ஸ்டாஃப் ரூம் சண்டைபோல் ஆகியிருக்கும். இந்த நாட்டிலும் இதையே கேட்பவர்கள் ஏராளம் என்பதால் உன்னை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் போன வாரம் மாப்பிள்ளை என்னை ஓர் ஊருக்கு அழைத்துப் போனார். அதைப் பற்றி உனக்குச் சொல்லாமல் என்னால் தூங்க முடியவில்லை.

பூர்கோஸ் நகரத்துக்கு வடகிழக்கே பான்யுவேலோஸ் தே பூரேபா என்றொரு சின்னஞ்சிறு கிராமம். சுற்றிலும் கோதுமை வயல். 1934இல் அங்கே அந்தோனி பெனாய்ஜெஸ் என்ற ஆசிரியர் வந்து சேர்ந்தார். கடலோரக் கத்தலோனியாவில், மோன்ட்ரோய்ச்சில் பிறந்தவர். சொந்தப் பணத்தில் ஒரு கிராமபோனும் ஒரு சிறிய அச்சு இயந்திரமும் வாங்கி வைத்தார். பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டியதில்லை. தாங்கள் பார்த்ததை, நினைத்ததை எழுத வேண்டும். பிறகு தங்கள் கையாலேயே எழுத்து எழுத்தாக அச்சுக் கோத்துச் சிறு ஏடுகளாக அடித்துக்கொள்ள வேண்டும். யோசித்துப் பார், விவசாயிகளின் பிள்ளைகள், தங்கள் சொற்களை அச்சில் பார்க்கிறார்கள்!

1936 ஜனவரியில் அவர்கள் அடித்த ஏட்டின் பெயரே, கடலைப் பார்த்திராத சில பிள்ளைகளின் பார்வையில் கடல் என்பதுதான். அது மிகப் பெரியதாக, மிக அகலமாக, மிக ஆழமாக இருக்கும் என்று ஒரு குழந்தை எழுதியிருக்கிறது. ஆசிரியர் எங்களைக் குளிக்க அழைத்துப் போவதாகச் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறது. அந்தக் கோடை விடுமுறையில் எல்லோரையும் தன் ஊர்க் கடலுக்கு அழைத்துப் போவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஜூலை 17இல் குடியரசு ஆட்சிக்கு எதிராக ராணுவக் கலகம் தொடங்கியது. பூர்கோஸில் போர்முனை என்று ஒன்று இருந்ததே இல்லை. ஓரிரு நாளில் அந்த நகரம் கலகக்காரர்கள் கைக்குப் போய்விட்டது. ஆசிரியரைப் பக்கத்து ஊரான பிரிவியெஸ்காவில் பிடித்துச் சித்திரவதை செய்து, அந்த மாதம் முடிவதற்குள் சுட்டுக் கொன்றார்கள். வயது 33. பிள்ளைகள் கடலுக்குப் போகவில்லை. அந்த ஏடுகளை வைத்திருப்பதே ஆபத்து என்றாகிவிட்டது.

நீயும் நானும் முப்பது வருடம் கரும்பலகை முன் நின்றவர்கள் என்பதால் இதையும் கேள். கலகக்காரர்களின் தலைவராகி, பிறகு நாட்டையே சர்வாதிகாரியாக ஆண்ட ஃபிராங்கோவின் தரப்பு ஒவ்வோர் ஆசிரியரையும் விசாரணைக்கு உட்படுத்தியது. ஊர்ப் பாதிரியார், மேயர், காவல் படை அதிகாரி, பெற்றோரில் ஒருவர் ஆகிய நால்வரும் ஆளுக்கோர் அறிக்கை தர வேண்டும். கோயிலுக்கு வந்தாரா, எந்தச் செய்தித்தாள் படித்தார், யாருடன் பழகினார் என்றெல்லாம் அதில் எழுதுவார்கள். அதை வைத்து வேலையை விட்டு நீக்குவார்கள், அல்லது முன்பின் தெரியாத மாகாணத்துக்குத் தூக்கியடிப்பார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்த வகுப்புகளைப் பிரித்தார்கள். கத்தலான், பாஸ்க் மொழிகளைப் பள்ளியிலிருந்து விரட்டினார்கள். குடியரசு 1931இல் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது, அடுத்த ஆண்டு விவாகரத்துச் சட்டமும் வந்தது. போருக்குப் பின் அந்தச் சட்டத்தைக் கிழித்துப் போட்டார்கள். திருமணமான பெண் வேலைக்குப் போகவும் வங்கிக் கணக்குத் தொடங்கவும் கணவனின் அனுமதி வேண்டும் என்ற நிலை 1975 வரை நீடித்தது. 1975! நாம் இருவரும் அப்போது பிறந்திருந்தோமடி. நான் அதைக் கேட்டபோது கையில் இருந்த காபி ஆறும்வரை குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

நீ கேட்பாய் என்று தெரியும்: குடியரசின் பக்கம் கொலையே நடக்கவில்லையா? நடந்தது, கொடூரமாகவே நடந்தது. பாதிரியார்களும் துறவிகளும் கன்னியாஸ்திரீகளுமாக ஏறக்குறைய 7,000 பேர் கொல்லப்பட்டார்கள். அதை மறைத்துப் பேசுபவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் வென்றவர்கள் தங்கள் தரப்பில் இறந்தவர்களைத் தேடியெடுத்து அடக்கம் செய்தார்கள், தேவாலயச் சுவர்களில் பெயர் பொறித்தார்கள். தோற்றவர்களின் பிணங்கள் சாலையோரப் பள்ளங்களிலேயே கிடந்தன. அழக்கூட அனுமதி இல்லை. எங்கள் கீழ் வீட்டுப் பாட்டி, "இந்த வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதில்லை" என்று அம்மா சொல்வதைக் கேட்டே வளர்ந்தாராம். ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பெரியப்பாவின் பெயரையே சொல்வார்களாம். ஃபிராங்கோ இறந்த பிறகாவது பேசினார்களா? 1977இல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. அரசியல் கைதிகள் வெளியே வந்தார்கள். கூடவே கொன்றவர்களும் தப்பித்துக்கொண்டார்கள். 2000இல்தான் ஒரு பேரன் தன் தாத்தாவைத் தேடி, லெயோன் பக்கத்தில் சாலையோரப் புதைகுழியைத் தோண்டி, 13 உடல்களை எடுத்தார். அதன் பிறகுதான் மற்றக் குடும்பங்களுக்கும் தைரியம் வந்தது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பூர்கோஸிலிருந்து கிழக்கே போகும் சாலையில் லா பெட்ராஹா என்ற மலைக்காடு. 2010இல் அங்கே 104 உடல்களைத் தோண்டி எடுத்தார்கள். தோண்டும்போது ஊர்க்காரர்கள் வந்து வந்து பார்த்திருக்கிறார்கள். அப்போது எழுந்த பேச்சில்தான், ஒரு கத்தலான் வாத்தியாரும் இதில் இருக்கலாம் என்ற செய்தி வெளிவந்தது. அங்கே படம் எடுக்க வந்திருந்த ஒருவர் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனார். எழுபத்து நான்கு வருடம் கழித்து ஏடுகள் பிறருக்குத் தெரியவந்தன. அந்தப் பள்ளிக் கட்டடத்தைச் செப்பனிட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், நான் அதன் வாசலில் நின்றேன். ஆனால் ஆசிரியரின் எலும்பு அடையாளம் தெரியவே இல்லை. தோண்டியதால் எந்தப் புண் கீறியது என்று நீயே சொல்.

திரும்பும் வழியில் லா பெட்ராஹாவில் இறங்கினோம். சுடப்பட்டவர்களுக்கு அங்கே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. சந்தியாகோவுக்கு நடந்து போகும் யாத்திரைப் பாதை அதன் அருகிலேயே போகிறது. முதுகுப் பையோடு வந்த ஒரு பெண் சற்று நேரம் நின்றாள், பிறகு நடந்துவிட்டாள். பேத்தி என்னிடம், "இங்கே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டாள். ஒரு வாத்தியார் என்றேன். என்ன பாடம் என்றாள். கடல் என்றேன்.

அடுத்த மாதம் அவளைச் சான்டான்டர் கடற்கரைக்கு அழைத்துப் போகிறோம். உன்னிடம் ஒரு வேண்டுகோள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை நாம் தூத்துக்குடிக்குக் கூட்டிப் போனபோது எடுத்த படம், நீ நனைந்த புடவையோடு அலைக்கு நடுவே நின்று அவர்களை அதட்டிக்கொண்டிருப்பாயே, அது உன் பீரோவில்தான் இருக்கும். பிரதி எடுத்து அனுப்பு. அதில் எத்தனை பேர் அன்றுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார்கள் என்று எனக்கு மறந்துவிட்டது. உனக்கு நினைவிருந்தால் எழுது.

உன் அறைத்தோழி