நீலக்கரைச் சேலையை நெய்யும் கைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அன்னை தெரசாவின் நினைவு நாளையொட்டி உங்கள் இதழில் வந்த கட்டுரையில் அந்த வெள்ளைச் சேலைக்கென்று தனியாக ஒரு பத்தி இருந்தது. மூன்று நீலக் கோடுகள், ஆளுக்கு மூன்றே சேலை என்பதையெல்லாம் சொன்ன கட்டுரையில், அதை நெய்பவர்கள் யார் என்பது விடுபட்டுவிட்டது. கொல்கத்தாவுக்கு வடக்கே டிட்டாகரில், ரயில் பாதையை ஒட்டி நீளும் காந்திஜி பிரேம் நிவாஸ் என்ற இல்லத்தில், தொழுநோய் வந்து குணமானவர்கள் கைத்தறியில் அவற்றை நெய்கிறார்கள். 1957இல் அன்னை தெரசா நிறுவிய பிறர் அன்பின் பணியாளர் சபை கொல்கத்தாவில் தொடங்கிய நடமாடும் தொழுநோய் மருத்துவப் பணியின் தொடர்ச்சிதான் இது. 1963இல் உருவான அச்சபையின் ஆண் துறவியர் பிரிவு இப்போது இந்த இல்லத்தைக் கவனித்துக்கொள்கிறது.

இதை விடுபட்ட ஒரு தகவலாக மட்டும் நினைத்து எழுதவில்லை. தொழுநோய்ப் பணி என்றாலே சோறு போடுவதும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இந்நோயால் நரம்பு கெட்டு உணர்ச்சியற்றுப்போன கையை ஆண்டுக்கணக்கில் தறியில் வேலை செய்ய வைத்து, அந்தக் கை கெடாமலும் பார்த்துக்கொள்வது அதைவிடப் பல மடங்கு கடினமான வேலை. அந்தக் கடினம் எதில் இருக்கிறது என்பது வாசகர்களுக்குத் தெரிய வேண்டும்.

கிருமியைக் கொல்வது இன்று சிக்கல் இல்லை. கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம். கிருமி குறைவான வகைக்கு 6 மாதம், அதிகமான வகைக்கு 12 மாதம். மாதம் ஒருமுறை ரிஃபாம்பிசின் 600 மில்லிகிராம், தினமும் டாப்சோன் 100 மில்லிகிராம், இவற்றுடன் குளோஃபாசிமின். இந்த மூன்றாவது மருந்து தோலைக் கறுக்க வைக்கும். ஊரார் கேட்பார்களே என்று பயந்து பலர் பாதியில் மாத்திரையை நிறுத்துவது இதனால்தான். சிகிச்சையை முழுதாக முடித்த பிறகு நிறம் மெல்லத் திரும்பிவிடும் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். இன்னொன்றையும் முதல் நாளே சொல்ல வேண்டும். சிகிச்சையின் நடுவிலோ முடிந்த பிறகோ தேமல் திடீரென்று சிவந்து வீங்கினாலும், முழங்கை நரம்பு வலித்தாலும், விரல் மடங்கத் தொடங்கினாலும் அது மாத்திரை செய்த கெடுதல் அல்ல. கிருமிக்கு எதிராக உடல் காட்டும் எதிர்வினை அது. உடனே மருத்துவரிடம் போய் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கினால், ஆறு மாதத்துக்குள் ஏற்பட்ட நரம்புப் பாதிப்பு பெரும்பாலும் மீளக்கூடியது. தள்ளிப்போட்டால் கை அப்படியே நின்றுவிடும்.

அப்படி நிலையாகப் போய்விட்ட உணர்ச்சியை எந்த மாத்திரையாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. தொழுநோயில் விரல்கள் அழுகி விழுகின்றன என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கிருமி விரலைத் தின்பதில்லை. சூடான டம்ளரைப் பிடித்த கைக்குச் சுடுவது தெரியாது, பீடி விரல் வரை எரிந்தாலும் தெரியாது, இரவில் எலி கடித்தாலும் தெரியாது. அப்படி வரும் காயம் சீழ் பிடித்து, எலும்பு வரை போய், எலும்பு கரைந்து விரல் குட்டையாகிறது. 1940களின் இறுதியில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் பால் பிராண்டும் அவருடைய குழுவினரும் கவனித்துச் சொன்ன உண்மை இது. மறுவாழ்வுப் பணி முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

இப்போது தறிக்கு வருவோம். உணர்ச்சியுள்ள நெசவாளி, ஊடு நூலைக் குறுக்கே ஓட்டும் நாடாவின் கயிற்றுப் பிடியை எவ்வளவு இறுக்க வேண்டுமோ அவ்வளவுதான் இறுக்குவார். உள்ளங்கை எரிந்தால் தன்னையறியாமலே பிடியை மாற்றிக்கொள்வார். உணர்ச்சியற்ற கை தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கும், ஒரே இடத்திலேயே பிடித்துக்கொண்டிருக்கும். கொப்புளம் வந்து உடைந்து, ரத்தம் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலில் பட்ட பிறகுதான் அவருக்கே தெரியும். அதனால் பிடியில் துணியோ ரப்பரோ சுற்றித் தடிமனாக்க வேண்டும். பிடி தடிமனானால் அழுத்தம் பரவும். அரை மணிக்கு ஒருமுறை வேலையை நிறுத்தி, இரு உள்ளங்கைகளையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்க வேண்டும். சிவப்புத் தெரிந்தால் அன்று தறியில் உட்காராமல் வேறு வேலை. காலால் அழுத்தும் மிதிக்கட்டையில் பிளவு, ஆணித் தலை, சிராய் எதுவும் இருக்கக் கூடாது. கை விரல்கள் மடங்கியவருக்குத் தார் சுற்றும் (நாடாவுக்குள் வைக்கும் குழலில் நூல் சுற்றும்) வேலை பொருந்துமா, நரம்பு கெட்டுப் பாதத்தைத் தூக்க முடியாதவருக்கு மிதி சரிப்படுமா என்று ஆளுக்கு ஆள் பார்த்துத்தான் வேலையைப் பிரிக்க வேண்டும். "எல்லாருக்கும் ஒரு தறி" என்று ஒரே மாதிரி திட்டம் போடும் இடங்களில் ஆறே மாதத்தில் புண் வார்டு நிரம்பிவிடும்.

காலுக்குத் தினமும் செய்ய வேண்டியது அரை மணி நேர வேலை. சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் காலை ஊற வைக்க வேண்டும். வெந்நீர் கூடவே கூடாது. வெதுவெதுப்பா, கொதிக்கிறதா என்று அந்தக் காலுக்குத் தெரியாது. ஊறிய காய்ப்பைச் சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேய்க்கலாம், பிளேடால் சீவக் கூடாது. ஈரம் காயும் முன்பே தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். வியர்வைச் சுரப்பியை இயக்கும் நரம்பும் செத்துவிடுவதால் தோல் வறண்டு வெடிக்கிறது. ஊறிய ஈரத்தை எண்ணெய்தான் உள்ளேயே நிறுத்தி வைக்கும். பிறகு பாதத்தைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும், அல்லது வேறொருவர் பார்க்க வேண்டும். எந்த இடமாவது மற்ற இடத்தைவிடச் சூடாக இருந்தால் அங்கே புண் உள்ளுக்குள் தொடங்கிவிட்டது என்று பொருள். புண் வந்துவிட்டால் களிம்பைவிட ஓய்வுதான் மருந்து. வலிக்காததால் நடந்துகொண்டே இருப்பார்கள், புண்ணும் ஆறாமல் இருக்கும்.

செருப்பில்தான் நன்கொடையாளர்கள் அதிகம் தவறு செய்கிறார்கள். பண்டிகைக்கு முன் நூறு ஜோடி ஹவாய்ச் செருப்பு வாங்கி வந்து இறக்கிவிட்டுப் போவார்கள். பெருவிரலிடுக்குப் பட்டையைப் பற்றிக்கொள்ள உணர்ச்சி வேண்டும். அது இல்லாதவருக்குச் செருப்பு வழியிலேயே கழன்றுவிடும், கழன்றது தெரியாமல் அவர் நடப்பார். பட்டையும் இடுக்கை அறுக்கும். தேவைப்படுவது எம்.சி.ஆர். எனப்படும் நுண்ணறை ரப்பர் செருப்பு. உள்தளம் 10 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தினால் பாதியாக அமுங்கி, விட்டதும் எழும்ப வேண்டும். அமுங்காத ரப்பராக இருந்தால் அது சாதாரணச் செருப்புதான். முள் ஏறாமல் அடித்தளம் கெட்டியாக இருக்க வேண்டும். ஆணி ஒன்றுகூட இருக்கக் கூடாது, எல்லாம் ஒட்டியும் தைத்தும்தான். குதிகாலுக்குப் பின்பட்டை கட்டாயம். உள்தளம் தட்டையாகிவிட்டால் பயன் போய்விடும், ஆகவே ஆளுக்கு வருடத்துக்கு இரண்டு ஜோடியாவது வேண்டும்.

நிறமும் வடிவமும்கூட முக்கியம். ஒரே மாதிரி, பார்த்தவுடன் "அந்த ஆஸ்பத்திரிச் செருப்பு" என்று காட்டிக்கொடுக்கும் செருப்பைக் கொடுத்தால் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு கடைத்தெருவுக்குப் போவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தொழுநோயாளிகளை ஒதுக்கி அடைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. விவாகரத்துக்கான காரணங்களிலிருந்து இந்நோயை எடுத்தது 2019இல். கடையில் விற்கும் செருப்பைப் போன்ற மேல்பட்டை போட்டுக் கொடுத்தால் தேயும்வரை போடுவார்கள்.

உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு டிட்டாகருக்கோ, நம் ஊர்ப் பக்கம் உள்ள தொழுநோய் இல்லங்களுக்கோ உதவ நினைப்பவர்கள், பிரியாணிப் பொட்டலத்தோடு போகும் முன் அங்குள்ளவர்களிடம் என்ன தீர்ந்துபோயிருக்கிறது என்று கேட்கட்டும். எம்.சி.ஆர். ரப்பர் தாள், மரப்பிடி போட்ட கரண்டிகள், பருத்தி நூல் என்று பதில் வரலாம். நெசவு நடக்கும் இடமானால் படுக்கை விரிப்போ துண்டோ வெளியார் வாங்கலாமா என்றும் கேட்கலாம். வேலைக்குக் கூலி வாங்கும் கை, தட்டை நீட்ட வேண்டிய அவசியமில்லை. குணமானவர்களைக் கடைசிவரை 'தொழுநோயாளி' என்றே எழுதுவதையும், மடங்கிய விரல்களை மட்டும் கிட்டத்தில் படமெடுத்துப் போடுவதையும் உங்கள் இதழ் தவிர்க்குமானால் அதுவும் உதவிதான்.

செருப்பு செய்து கொடுக்க முன்வருபவர்கள் செருப்பின் அளவு எண்ணை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். மாலை நேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, கெட்டித் தாளின் மேல் ஆளை நிற்க வைத்துப் பென்சிலை நேராகப் பிடித்துப் பாதத்தின் ஓரத்தைச் சுற்றி வரைந்து வாங்குங்கள். இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று. இரண்டும் ஒரே அளவாக இருப்பது அரிது. புதுச் செருப்பை முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் போட்டு நடக்கச் சொல்லி, கழற்றியதும் பாதத்தைப் பார்க்க வேண்டும். சிவந்த இடம் இருந்தால் செருப்பு திரும்பவும் தைப்பவரிடம் போகட்டும்.

இப்படிக்கு,
தொழுநோய் மறுவாழ்வுப் பணியை அறிந்த ஒரு வாசகர்,
வேலூர் மாவட்டம்.